சிக்கல் பழைய ஆள் திரும்பும்போதுதான்
மார்வெல் காமிக்ஸில் பழைய சூப்பர் ஹீரோவின் பெயரைப் புதிய ஆளுக்குக் கொடுப்பதைப் பற்றி, 'நாயகர்களை மாற்றுவது கடந்த பத்தாண்டு மோகம்' என்கிறது ஒரு கட்டுரை. கணக்கு இடிக்கிறதே! கறுப்பினப் பெண்ணான மோனிகா ராம்போ கேப்டன் மார்வெல் ஆனது 1982இல். முதல் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் குடியில் விழ, 1983இல் அந்தக் கவசத்தை மாட்டியவர் அவருடைய நண்பர் ஜேம்ஸ் ரோட்ஸ்.  டோனி தெளிந்து திரும்பியதும் கவசம் மீண்டும் அவரிடமே போனது. மோனிகாவின் பட்டமும் 1990களில் வேறொருவருக்குப் போனது. அப்படியானால் புதிய ஸ்பைடர் மேனான மைல்ஸ் மொராலெஸ் மட்டும் எப்படி நிலைத்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2011இல் அவர் அறிமுகமானது முதன்மைக் கதைகளோடு ஒட்டாத தனிக் கதைப் பிரபஞ்சத்தில். அங்கே பழைய ஸ்பைடர் மேனான பீட்டர் பார்க்கர் செத்தே போயிருந்தார். பின்னர் முதன்மைப் பிரபஞ்சத்துக்குக் கொண்டுவந்தபோதும் யாரிடமிருந்தும் பெயரைப் பிடுங்கவில்லை, இருவருமே ஸ்பைடர் மேன்.