கடைசி ரவுண்டு எதுவென்று சொல்லாதீர்கள்

போன மாதம் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களின் சிமுலேஷன் போட்டி. இறுதி நாளைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு டீம், டீமுக்கு ஐந்து பேர். கணினிக்குள் டீமுக்கொரு கம்பெனி. ஒரு ரவுண்டு முடிந்தால் கம்பெனிக்கு ஒரு வருடம் முடிந்தது என்று அர்த்தம். விலை, விளம்பரம், உற்பத்தி, கடன் எல்லாம் பிள்ளைகள் முடிவுதான். எட்டாவது ரவுண்டோடு ஆட்டம் முடிகிறது என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். அந்த எட்டாவது ரவுண்டில் ஆறு டீமும் ஆராய்ச்சிச் செலவைச் சுத்தமாக நிறுத்தின. தொழிலாளர் பயிற்சிக்குப் பூஜ்ஜியம் போட்டன. இரண்டு டீம் நீண்ட காலக் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் தங்கள் பங்குகளையே திரும்ப வாங்கிப் பங்கு விலையை ஏற்றிக்கொண்டன. அதில் ஒரு டீமுக்குத்தான் முதல் பரிசு.

பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. கடைசி ரவுண்டின் பங்கு விலைக்குத்தான் மதிப்பெண் என்று சொல்லிவிட்டால், புத்தியுள்ள பிள்ளை அதைத்தான் செய்யும். ஆனால் ஒன்பதாவது வருடம் அந்தக் கம்பெனியில் வேலைக்குப் போகிறவன் கதி என்ன? விற்கப் புதுச் சரக்கு இல்லை, கட்ட வேண்டிய கடன் மட்டும் இருக்கிறது. அதற்குக் கைதட்டிவிட்டு வந்தேன். மனசு ஒப்பவே இல்லை.

சிமுலேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வியாபார உத்தி என்றால் என்னவென்று புரிந்ததே அதில்தான். 2010இல் எம்.பி.ஏ. சேர்ந்தேன். உத்தி பற்றிய தாளில் போர்ட்டரின் ஐந்து விசைகள், பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் நான்கு கட்டம், பலம் பலவீனம் வாய்ப்பு ஆபத்து என்று கம்பெனியின் நிலையை அலசும் முறைகளை 16 மதிப்பெண் கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. திருப்பூரில் அப்பா நடத்திய, பிறர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது.

அடுத்த வருடம் எங்களுக்குக் கேப்ஸ்டோன் என்ற அமெரிக்க சிமுலேஷனை வைத்தார்கள். சென்சார் தயாரிக்கும் ஆறு கம்பெனிகள். தொடக்கத்தில் ஆறும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். சந்தையில் ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாதிரி வாடிக்கையாளர்கள். எங்கள் டீமில் நான் உற்பத்தி. இன்னொருவன் ஆராய்ச்சி, ஒரு தோழி மார்க்கெட்டிங், ஒரு தோழி நிதி.

விலை குறைந்த சரக்கு வாங்கும் பிரிவில் எங்கள் பொருள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுவதை இன்னும் நன்றாக ஆக்கலாமே என்று மேம்படுத்தினோம். விற்பனை விழுந்துவிட்டது. ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்தப் பிரிவு வாடிக்கையாளருக்கு முதலில் விலை முக்கியம், அப்புறம் பழகிய பொருள். ஏழு வருடம் ஆன மாடல்தான் அவருக்குப் பிடிக்கும். நாம் பொருளை மாற்றியமைத்தால் அவர் கண்ணில் அதன் வயது பாதியாகக் குறைந்துவிடும். நாங்கள் காசைச் செலவழித்து, அவருக்குப் பிடித்ததைக் கெடுத்திருக்கிறோம்! சும்மா விட்டிருக்க வேண்டும். சும்மா விடுவதும் ஒரு முடிவு, அதற்கும் யோசனை வேண்டும் என்பது எந்த 16 மதிப்பெண் பதிலிலும் எனக்கு வரவில்லை.

அதைவிடப் பெரிய அடி நான்காவது ரவுண்டில் விழுந்தது. மார்க்கெட்டிங் தோழி விற்பனையைக் கொஞ்சம் கூட்டியே கணித்தாள். நான் அதை நம்பி, சரக்கு தீர்ந்துவிடக் கூடாதே என்று அதற்கும் மேல் கொஞ்சம் போட்டேன். நிதி பார்த்தவள் எங்கள் இருவரையும் நம்பி, இருந்த காசையெல்லாம் மெஷினில் போட்டாள். மூன்று பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தோம். வருட முடிவில் கிடங்கு நிறையச் சரக்கு, கையிருப்பு காலி. கேப்ஸ்டோனில் அப்படிக் காசு தீர்ந்தால் பிக் ஆல் என்ற கந்துவட்டிக்காரர் வந்து அவசரக் கடன் கொடுப்பார். வட்டியும் அதிகம், பங்கு விலையும் சரியும். இத்தனைக்கும் அந்த வருடக் கணக்கில் எங்களுக்கு லாபம்! லாபம் இருக்கும்போது காசு எப்படித் தீரும் என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "பீஸ் தைச்சுக் கொடுத்தாச்சு, பில்லு போட்டாச்சு, சனிக்கிழமை டெய்லருக்குக் கூலி கொடுக்கக் காசு இல்ல. இது எனக்கு மாசா மாசம் நடக்குது கண்ணு" என்றார். இருபது வருடம் அவர் பக்கத்திலேயே வளர்ந்தும் எனக்கு அது உறைத்ததில்லை. நாங்களே முடிவெடுத்து, நாங்களே மாட்டிக்கொண்டு, அடுத்த ரவுண்டு முழுக்க அந்தக் கடனைச் சுமந்த பிறகுதான் உறைத்தது.

அந்த "அடுத்த ரவுண்டு"தான் சிமுலேஷனின் உயிர். ஒரு கம்பெனியின் கதையைப் படித்து அலசும் கேஸ் ஸ்டடியில் கருத்துச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். இங்கே போன வருடம் நாம் செய்த தப்போடுதான் இந்த வருடம் கணக்குத் தொடங்கும். அதையே எடுத்துவிட்டு, இதோ இதுதான் கடைசி ரவுண்டு என்று அறிவித்துவிட்டால், பாடத்தின் நடு நரம்பையே வெட்டிவிடுகிறோம். எட்டாகவும் இருக்கலாம், ஆறோடும் நிறுத்தலாம் என்று ஆசிரியர் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி தரவரிசைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் டீம் என்ன நினைத்து என்ன முடிவெடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். முடிவு வந்த பிறகு எங்கே கணக்குத் தப்பியது என்று அதன் கீழேயே எழுதட்டும். அந்த நோட்டுக்கு மதிப்பெண் கொடுங்கள். தோற்ற டீமின் நோட்டுதான் பெரும்பாலும் படிக்க வேண்டிய நோட்டாக இருக்கும்.

எவ்வளவு நன்றாக நடத்தினாலும் சிமுலேஷனுக்குள் வராத விஷயங்களும் உண்டு. நாங்கள் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றில் கழிவு கலப்பது தொடர்பான வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சாயம் ஏற்றாத துணி கட்டிங்குக்கு வராது, கட்டிங் ஆகாத துணி எங்கள் தையல் மெஷினுக்கு வராது. அப்பா யூனிட்டில் மெஷின்கள் சும்மா கிடந்தன. ஆற்றை நம்பியிருந்த விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது, அதை அப்பாவே சொல்வார். பல வருடம் ஒரு ஊரே சேர்ந்து தள்ளிப்போட்ட செலவுக்கு ஒரே நாளில் பில் வந்தது போல இருந்தது. எங்கள் வகுப்பிலோ அந்த வாரம் "சட்டச் சூழல்" என்ற தலைப்பை இரண்டு வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்கள். திருப்பூர் பிள்ளைகள் ஏழு பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

வியாபார உத்தி என்ற இந்தப் பாடம் தொடங்கிய விதமே வேறு. 1912 வாக்கில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பிசினஸ் பாலிசி என்ற பாடத்தை நடத்திய ஆர்ச் ஷா, தொழில் நடத்துகிறவர்களையே வகுப்புக்கு வரவழைத்தார். அவர்கள் தங்கள் கம்பெனியின் தீராத பிரச்சினையைச் சொல்ல, மாணவர்கள் யோசித்துத் தீர்வு எழுத, அதை அவர்களோடே உட்கார்ந்து விவாதிப்பார்கள். நூறு வருடத்துக்கு முன்பே அப்படி. எங்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையின் கேஸ் ஸ்டடி பாடமாக இருந்தது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது. 1993இல் ஹார்வர்டு அதைப் பாடமாக்கியது. ஒரு அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் அடுத்த மேசைக்குத் திரும்புவார், அங்கே அடுத்த நோயாளி தயாராக இருப்பார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில் இலவச சிகிச்சையும் நடக்கும். மேசை போடும் விதத்திலிருந்து கட்டணம் வரை எல்லாம் ஒரே நோக்கத்துக்கு இழுக்கிறது, உத்தி என்றால் அதுதான். அரவிந்தின் கிளை கோவையிலேயே அவிநாசி சாலையில் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அதைக் கடந்துதான் கல்லூரிக்குப் போனோம். ஜெராக்ஸ் தாளில் படித்ததோடு சரி, ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

கோவையில் மோட்டார் பம்பு, திருப்பூரில் பனியன், கரூரில் வீட்டு உபயோகத் துணி, சிவகாசியில் அச்சும் தீப்பெட்டியும். எந்தக் கல்லூரிக்கும் பக்கத்திலேயே ராத்திரி தூக்கம் வராமல் புரளும் ஒரு முதலாளி இருக்கிறார். வருடத்துக்கு நான்கு பேரைக் கூப்பிட்டால் போதும். வெற்றிக் கதை சொல்லச் சொல்லாதீர்கள். இன்னும் முடிவெடுக்காத ஒரு விஷயத்தோடு வரச் சொல்லுங்கள்.

அப்பாவின் யூனிட்டை இப்போது நான்தான் பார்க்கிறேன். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஆர்டர் கொடுக்கும் ஒரே பையரிடமிருந்து வருகிறது. இந்த சீசனுக்கு பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸ் தைக்க அவர் தரும் தொகையைக் குறைக்கச் சொல்கிறார். குறைத்தால் கூலி போக மிச்சம் நிற்காது. மறுத்தால் நாற்பது டெய்லர்களுக்கு வேலை கொடுக்க வேறு ஆர்டர் பிடிக்க வேண்டும், அதற்கு எப்படியும் ஐந்தாறு மாதம் ஆகும். அடுத்த மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் எம்.பி.ஏ. வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். மூன்று வருடக் கணக்கு நோட்டோடு வந்து உங்கள் மாணவர்கள் முன்னால் உட்காருகிறேன்.