பழைய பெரிய வால்வு ஆம்ப் ஆசையும் நான் கைகாட்டும் 12 வாட்டும்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கிட்டார் வாசிக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, பழைய வால்வு ஆம்ப் ஒன்று வாங்கணும். வாக்ஸா, ஃபெண்டரா, மார்ஷலா?" வால்வு ஆம்ப் என்றால் கண்ணாடிக் குழாய் வால்வுகளை வைத்துக் கிட்டார் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி, அந்த மூன்று பெயரும் அதைச் செய்யும் கம்பெனிகள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் மனதில் வைத்திருக்கும் பெரிய ஆம்ப் மூன்றுமே வேண்டாம். அதே குடும்பத்தில் பிறந்த சின்னதை, என்னைக் கேட்டால் 12 வாட் ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப் வகையை, வாங்குங்கள். காசில்லாதவர்களுக்கு ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. கையில் காசு இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

பெரியவற்றைக் கேட்காமல் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் ஒரு நண்பர் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார். போகும்போதெல்லாம் வாசிக்கக் கொடுப்பார். வாக்ஸ் ஏசி30-இல் நான்கு ஈஎல்84 வால்வுகள், 12 அங்குல செலெஸ்டியன் ஸ்பீக்கர் இரண்டு. ஒரு கார்டைத் தட்டிவிட்டால் ஆறு தந்தியும் தனித்தனியாக மணி மாதிரி ஒலிக்கும். ஷேடோஸ் இசைக்குழு மேடைக்கு இன்னும் சத்தம் வேண்டும் என்றதால், வாக்ஸின் பொறியாளர் டிக் டென்னி தன்னுடைய 15 வாட் ஆம்பை இரட்டிப்பாக்கிச் செய்தது அது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப்பில் நான்கு 6எல்6 வால்வுகள், 85 வாட். வால்யூமை எவ்வளவு திருகினாலும் ஏறத்தாழ சுத்தமாகவே நிற்கும், லேசில் உடைந்து கரகரக்காது. மெல்லிசைக் குழுவில் ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) வாசிப்பவன் அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. மார்ஷலின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1962-இல் ஜிம் மார்ஷல் கடையில் ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டை எடுத்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டுச் செய்தது ஜேடிஎம்45. அந்த வரிசையில் பின்னால் வந்த 50 வாட், ஈஎல்34 போட்ட பெட்டிதான் நண்பரிடம் இருக்கிறது. பவர் கார்ட் ஒன்றை அடித்தால் நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டும்.

ஒலியை மட்டும் வைத்து ஒன்றைச் சொல் என்றால் நான் ஏசி30-ஐத்தான் சொல்வேன். யோசிக்கவே மாட்டேன். ஆனால் அதன் உயிர் எப்போது வெளியே வருகிறது என்பதையும் அங்கேதான் பார்த்தேன். வால்யூம் 2-இல் இருக்கும்போது நல்ல ஆம்ப், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பிக்கும் இடத்தில்தான் அது ஏசி30 ஆகிறது. மார்ஷலும் அப்படியே. கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஒரு வீட்டுச் சுவரே பக்கத்து வீட்டுக்கும் சுவராக இருக்கும் தெருவில், அந்த இடத்தை நான் தொடவே முடியாது.

இதன் காரணம் கொஞ்சம் விளங்கினால் மீதியெல்லாம் விளங்கும். வால்வு ஆம்பின் முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 மாதிரியான சின்ன வால்வுகள் சிக்னலைப் பெரிதாக்குகின்றன. பின்பகுதியில் இருக்கும் பவர் வால்வுகள் அதை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கருக்குத் தள்ளுகின்றன. பழைய ஆம்புகளில் நாம் கொண்டாடும் அந்த உடைவு பெரும்பாலும் இந்தப் பின்பகுதியில் நடக்கிறது. பவர் வால்வுகள் எல்லையைத் தொடும்போது சிக்னலின் முனை மழுங்குகிறது. பலமாக அடித்த நொடியில் ரெக்டிஃபையர் வால்வு (ஏசி கரன்ட்டை டிசியாக மாற்றுவது) ஈடுகொடுக்க முடியாமல் வோல்டேஜ் லேசாக இறங்கி, பிறகு ஏறுகிறது. விரலுக்கு அது ஒரு நெகிழ்ச்சியாகத் தெரியும். பலமாக மீட்டினால் உறுமும், மெதுவாகத் தொட்டால் தெளியும். வால்யூமைக் குறைத்து வைத்தால் பின்பகுதிக்கு வேலையே இல்லை. 100 வாட் மார்ஷலை வாங்கி வந்து வீட்டில் 1-இல் வைத்து வாசிப்பது, எருது விடும் விழாவுக்கென்று வளர்த்த காளையைக் கடைசிவரை கொட்டகையிலேயே கட்டிப்போடுவது மாதிரி.

"வீட்டில் சரி அண்ணா, மேடைக்குப் பெரியது வேண்டாமா?" இதுதான் அடுத்த கேள்வி.

பெரிய ஆம்ப் ஏன் வந்தது என்று பாருங்கள். 1960-களின் நடுவில் மேடையில் கிட்டாருக்கு மைக் வைக்கும் வழக்கம் கிடையாது. பாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் மைக். கிட்டார் சத்தம் கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போக வேண்டுமென்றால் ஆம்பே அங்கே வரைக்கும் கத்தியாக வேண்டும். 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 50,000 பேருக்கு மேல் கூடியிருந்த கூட்டத்துக்கு வாசித்தபோது, கிட்டார்களுக்குப் பின்னால் இருந்தவை வாக்ஸின் 100 வாட் ஆம்புகள். பாடியது மைதானத்து அறிவிப்பு ஒலிபெருக்கிகள் வழியாகப் போனது. அதே காலத்தில்தான் தி ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் சத்தம் போதவில்லை என்று மார்ஷலிடம் போய் நின்றார், 100 வாட் மார்ஷல் பிறந்தது. அந்தக் காலத்துத் தேவைக்குச் சரியான பதில் அது.

நம் ஊர் மேடைக்கு வாருங்கள். ஆடி மாதம் மாரியம்மன் திருவிழா, பாட்டுக் கச்சேரி. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பாக்ஸ் அடுக்கியிருப்பார்கள். மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் சவுண்ட்காரருக்கு உங்கள் ஆம்ப் எத்தனை வாட் என்பது பற்றிக் கவலையே இல்லை. ஸ்பீக்கர் துணிக்கு முன்னால், கூம்பின் நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக, ஒரு டைனமிக் மைக்கை நிறுத்துவார். 12 வாட்டோ 85 வாட்டோ, வெளியே கூட்டத்துக்குப் போவது அந்த மைக் கேட்பதுதான். மேடையில் உங்கள் ஆம்ப் அதிகமாகக் கத்தினால் பாடகரின் மைக்கிலும் அது நுழையும். சவுண்ட்காரர் செய்யக்கூடிய முதல் காரியம் மிக்ஸரில் உங்கள் கிட்டாரை இறக்குவது. சர்ச்சில் இன்னும் மோசம். கோரஸுக்கு நடுவில் ட்வினை வைத்து 3-க்கு மேல் திருகிப் பாருங்கள், ஃபாதர் பீடத்திலிருந்தே திரும்பிப் பார்ப்பார்.

வாட் கணக்கே பலரை ஏமாற்றுகிறது. 100 வாட்டைப் பாதியாக்கி 50 ஆக்கினால் சத்தம் பாதியாகாது, 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதி என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். 50 வாட் ஆம்பின் பாதிச் சத்தம் என்பது 5 வாட் ஆம்ப். அதற்கு மேல் ஸ்பீக்கர் வேறு இருக்கிறது. ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் கொடுக்கும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் கொடுப்பதை மாட்டினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆம்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் கரன்ட். நம் ஊரில் வால்வு ஆம்ப் பற்றிப் பேசும்போது இதுதான் பெரிய விஷயம். பழைய அமெரிக்க ஃபெண்டர் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைச் சரி செய்யும், ஹெர்ட்ஸைச் செய்யாது. 60-க்கென்று அளந்து சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும். மேற்கூரை போட்ட மேடையில், ஏப்ரல் வெயிலில், நான்கு 6எல்6 வால்வுகளோடு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்து ஆம்புகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவர்களும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் ஏசி30 தன் ஈஎல்84 வால்வுகளை ஏற்கெனவே வரம்பை ஒட்டியும் தாண்டியும் ஓட்டுகிற ஆம்ப். நடுராத்திரியில் லோடு குறைந்து லைன் 245, 250 என்று ஏறும்போது அந்த வால்வுகள்தான் அடி வாங்கும். சாயங்காலம் கிணற்று மோட்டார்கள் ஓடும் கிராமத்தில் நிலைமை தலைகீழ். லைன் 190-க்கு இறங்கும், வால்வுக்குள் சூடேற்றும் ஹீட்டருக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட்டும் கூடவே இறங்கும், ஒலி சவசவவென்று ஆகிவிடும். திருவிழாவில் ஜெனரேட்டர் என்றால் சீரியல் லைட் போட்டு அணைக்கும்போதெல்லாம் ஆடும்.

சின்ன ஆம்பில் இதை எளிதாகச் சமாளிக்கலாம். ஃபெண்டரின் 5 வாட் சாம்ப் வகைச் சின்ன ஆம்ப் இழுக்கும் கரன்ட் பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்குத்தான். 12 வாட் ஆம்ப் அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு சாதாரண ஸ்டெபிலைசரே தாங்கும். மாற்ற வேண்டிய பவர் வால்வும் நான்கு இல்லை, ஒன்றோ இரண்டோதான். புதிய வால்வுகள் இன்று ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனாவிலிருந்துதான் வருகின்றன. ஒரு செட்டுக்கு ஆகும் செலவு இங்கே நமக்குச் சின்ன விஷயம் இல்லை. ஒரு காலத்தில் பக்கத்திலேயே, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் (பிஇஎல்) ரேடியோ வால்வு செய்தார்கள். இன்றும் அங்கே எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடினால் பிஇஎல் முத்திரையோடு பழைய ஸ்டாக் எப்போதாவது கையில் சிக்கும்.

சரி, சின்னதில் எது? ஃபெண்டர் சாம்ப் வகை மிக எளிமையானது. ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3, முடிந்தது. 1970-இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் டெரக் அண்ட் த டாமினோஸ் குழுவோடு மயாமி ஸ்டுடியோவில் பதிவு செய்தது இந்தச் சின்னப் பெட்டியை வைத்துத்தான். வீட்டில் வாசிக்க, பதிவு செய்ய, இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. குறை என்னவென்றால் 8 அங்குல ஸ்பீக்கர். கீழ் தந்திகள் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போலிருக்கும், டிரம்ஸோடு சேர்த்தால் சுத்தமான ஒலிக்கு இடமே இருக்காது. வாக்ஸ் ஏசி15, மார்ஷல் 1965-இலிருந்து இரண்டு மூன்று வருடம் மட்டும் செய்த 18 வாட், இரண்டுமே இரண்டு ஈஎல்84 போட்ட அருமையான ஆம்புகள். ராக் மட்டும் வாசிப்பவன் என்றால் அந்த 18 வாட்டின் நகலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்பேன்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் வாசிப்பது மெல்லிசையும் சர்ச் பாட்டும். நமக்குச் சுத்தமான ஒலி வேண்டும், அதன் விளிம்பில் கொஞ்சம் கரகரப்பு வேண்டும். அதற்கு என் தேர்வு ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப் வகை. இரண்டு 6வி6, 12 வாட் அளவு, 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஸ்பிரிங் ரிவெர்ப் (பெரிய ஹாலில் கேட்பது போன்ற எதிரொலி), டிரெமலோ (சத்தம் அலையாக ஏறி இறங்குவது). ட்வினின் அந்தப் பளிங்கு ஒலி இதிலும் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், வால்யூம் 4-ஐத் தாண்டும்போது இது உங்கள் விரலுக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கும். ட்வின் அந்த இடத்துக்கு வரும்போது தெருவே கூடிவிடும். எடையும் ஏறத்தாழ 15 கிலோதான், ட்வினில் பாதி. அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறலாம், நான் ஏறுகிறேன். பழையதே வேண்டும் என்று தேடாதீர்கள். 1960-களின் அசல் பெட்டி, கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்தால் விலை எங்கேயோ போய் நிற்கும். வந்த பிறகு கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றியும் ஆக வேண்டும். அதே சர்க்யூட்டில் இப்போது செய்யும் மறுபதிப்போ, யாராவது கையால் கட்டியதோ, 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோடு கிடைத்தால் அதுதான் நமக்கு.

மாடலர் பெடல் (ஆம்பின் ஒலியை டிஜிட்டலில் போலச் செய்யும் பெட்டி) வாங்கினால் போதுமே என்று கமென்டில் சொல்லப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். போதும்தான். வாரம் நாலு ஊர் கச்சேரிக்கு ஓடுபவர் அதைத்தான் வைத்திருக்க வேண்டும், நேராக மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். நான் வால்வைச் சொல்வது வேறு விஷயத்துக்காக. ஸ்விட்சைப் போட்டதும் கண்ணாடிக்குள் ஆரஞ்சு இழை மெல்லச் சிவந்து, தூசி சூடாகும் வாசனை வந்து, அதற்குப் பிறகுதான் ஒலி வரும். அடுத்த நிமிடத்தில் நீங்கள் பிக்கைப் பிடிக்கும் விதம் தானாகவே மாறியிருக்கும். தவறான அடியை அது மறைக்காது. என் வலது கை கற்றுக்கொண்டதில் பாதி அந்தச் சின்ன ஆம்ப் சொல்லிக் கொடுத்தது.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் மர்ஃபி, பிலிப்ஸ் வால்வு ரேடியோவைக் கிட்டார் ஆம்பாக மாற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஈஎல்84 ஒன்றைப் போட்ட ரேடியோவின் பின்பகுதி ஒரு 4, 5 வாட் ஆம்பேதான், ஆசை நியாயமானது. ஆனால் ஏசி-டிசி செட் என்று ஒரு வகை உண்டு. அதில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, தகரச் சட்டத்தின் மீதே நேரடியாக மெயின் லைன் கரன்ட் இருக்கும். அதில் கிட்டாரைச் செருகினால் தந்தியில் 230 வோல்ட் வரலாம். அதைத் தொடவே தொடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டாக இருந்தாலும், வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து எர்த்தோடு மூன்று முள் பிளக் போடச் சொல்லுங்கள். எந்த வால்வு ஆம்பையும் பிளக்கைப் பிடுங்கிய கையோடு திறக்கக் கூடாது. கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் அப்படியே நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ஆம்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிரின்ஸ்டன் வகை ஒன்றை வாசித்துப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை பழையபேட்டைக்கு வாருங்கள், இன்பாக்ஸில் சொல்லிவிட்டு. உங்கள் கிட்டாரையே கொண்டுவாருங்கள். தெரிந்த கிட்டாரில் கேட்டால்தான் ஆம்பின் வித்தியாசம் தெரியும்.