செந்தட்டி ஒன்றல்ல, இரண்டு

முட்டி வலிக்குச் செந்தட்டி (தொட்டால் அரிக்கும் செடி) இலையை அப்படியே தேய்க்கலாம் என்ற கட்டுரையைப் படித்தேன். போட்டிருக்கும் படம் நீலகிரிப் பக்கம் வளரும் பெரிய இலைச் செடி. எழுதியிருக்கும் மருத்துவக் குணமோ எங்கள் மதுரைப் பக்கத்தில் அதே செந்தட்டிப் பெயரால் சொல்லப்படும் சிறுகாஞ்சொறிக்கு உரியது. இது ஆமணக்குக் குடும்பத்துக் கொடி. அழகர்மலை, சிறுமலை அடிவாரத்தில் வேலிப் புதரைச் சுற்றிப் படர்ந்து கிடக்கும். காயைப் பார்த்தால் ஆமணக்கு மாதிரியே மூன்று பிளவு, மேலெல்லாம் சுணை, அதாவது அரிக்கும் நுண்மயிர்.

சித்த மருத்துவத்தில் பெரிதும் எடுப்பது இதன் வேரைத்தான். 2020 கொரோனா நேரத்தில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோமே கபசுரக் குடிநீர், அதன் 15 சரக்குகளில் சிறுகாஞ்சொறி வேரும் ஒன்று. குடித்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது!

பச்சை இலையைத் தோலில் தேய்ப்பது வேறு கதை. சுணையின் நுனியில் ஊசி போன்ற படிகம் இருக்கிறது, அது குத்தித்தான் தடித்துப் போகிறது. பட்டுவிட்டால் சொறியாதீர்கள், சுணை இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுத்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள். சர்க்கரை நோயாளிகள் முட்டியில் இந்தப் பரீட்சையே வேண்டாம். படத்தையாவது மாற்றிப் போடுங்கள், சார்.