பாதிக்குப் பாலிசி எடுத்தால் பாதிதான் வரும்

புயல் சேதத்துக்கான இன்சூரன்ஸ் பற்றிய ஒரு கட்டுரையில் ‘10 லட்சத்துக்குப் பாலிசி இருந்தால் 10 லட்சம் வரை நஷ்டம் முழுசாகக் கிடைக்கும்’ என்று இருக்கிறது. கடைச் சரக்குக்கு அது பொருந்தாது.

கடலூரில் ஒரு மளிகை மண்டி. குடோனில் 20 லட்சம் சரக்கு, பாலிசி 10 லட்சத்துக்கு. தண்ணீர் புகுந்து 4 லட்சம் சேதம் என்றால் கையில் வருவது 2 லட்சம், அதிலும் எக்ஸஸ் (ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) கழியும். மீதிப் பாதிக்கு நீங்களே இன்சூரர் என்பது கணக்கு. பாலிசியில் உள்ள இந்த நிபந்தனைக்குப் பெயர்தான் ஆவரேஜ் கிளாஸ் (average clause). கட்டடம், சரக்கு எல்லாம் சேர்த்து மதிப்பு 5 கோடிக்குள் உள்ள கடைகளுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15% வரை குறைவாக எடுத்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். பாதி குறைந்தால் அதுவும் காப்பாற்றாது.

வங்கிக் கடனோடு எடுத்துத் தரும் பாலிசியில்தான் இந்தச் சிக்கல் அதிகம். தொகையைக் கடன் அளவுக்கே போட்டுவிடுவார்கள், சரக்கு அளவுக்கு அல்ல. தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரமும் புயல் சீசனும் நம் பக்கம் ஒன்றாகவே வரும். அக்டோபரிலேயே எண்டார்ஸ்மென்ட் (நடப்புப் பாலிசியில் செய்யும் திருத்தம்) போட்டுத் தொகையை உயர்த்துங்கள். சரக்குக்கு வாங்கிய விலைதான் கணக்கு, விற்கும் விலை இல்லை. கட்டடத்துக்கு மனை விலையைச் சேர்க்காதீர்கள், வீண் பிரீமியம்.

நனைந்த மூட்டைகளை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் கொட்டிவிடாதீர்கள். உலர்ந்ததைத் தனியாகப் பிரித்து, தண்ணீர்க் கறை சுவரில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டர் மேல் ரேக்கில் இருக்கட்டும்!