ஆஸ்பத்திரியில் அடிபட்டவளையே சமாதானத்துக்கு இழுக்காதீர்கள்

டூட்டியில் அடி வாங்கிய நர்ஸிடம் முதலில் எல்லாரும் கேட்பது, "நீங்க என்ன சொன்னீங்க சிஸ்டர்?" எங்கே அடிபட்டது என்பதெல்லாம் அப்புறம். டெல்டாவில் அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் வேலை பார்த்த எந்த நர்ஸையும் கேட்டுப் பாருங்கள். அடித்தவனைவிட, மறுநாள் வந்து சமாதானம் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நடவு, அறுப்பு நாளில் இங்கே பாம்புக்கடி அதிகம். கால் சேறு காய்வதற்குள் தூக்கி வந்துவிடுவார்கள், பின்னாலேயே பாதித் தெரு வரும். நாங்கள் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, பெரும்பாலும் கண்ணாடி விரியன். உடனே விஷமுறிவு மருந்து. உறைந்திருந்து வேறு அறிகுறியும் இல்லையென்றால், மருந்து ஏற்றாமல் கூடவே இருந்து கவனித்து, மறுபடி சோதிப்போம். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கு ஆபத்தாகிவிடும், அதனால்தான்.

வெளியே நிற்பவர்களுக்கு இது தெரியாது. "கடிபட்டவனைப் படுக்கப் போட்டுட்டு இந்தம்மா கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது" என்றுதான் தெரியும். அப்படி ஒரு ராத்திரியில்தான் என் கையை முறுக்கிச் சுவரில் தள்ளினார்கள். குறுக்கே வந்த பணியாளர் அக்காவுக்குக் கன்னத்தில் அறை. குழாய் விழுந்து உடைந்தது. திரும்ப ரத்தம் எடுத்தோம், திரும்ப 20 நிமிடம். அந்த நேரம் யாருடையது? படுத்திருந்த அந்த மனிதருடையது.

காலையில் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். "பதட்டத்துல பண்ணிட்டான், நம்ம பயதான், விட்டுடும்மா." மேலிடத்தில், "கேஸுன்னா கோர்ட்டுக்கு நீங்கதான் அலையணும், யோசிச்சுக்கங்க." மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி வாங்கி ஃபைலில் வைத்தார்கள். அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, ஜாமீனில் விடமுடியாத குற்றம். டாக்டருக்கு மட்டுமல்ல, நர்ஸுக்கும் நர்சிங் மாணவிக்கும் அது பொருந்தும். ஆனால் புகார் கொடுக்க வேண்டியவள் தனி ஆளாக நிற்கும்வரை, அவ்வளவு பெரிய தண்டனையே அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. "பையன் வாழ்க்கையே போயிடும்" என்றால் எந்தப் பெண் கையெழுத்துப் போடுவாள்?

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மத்திய சுகாதாரத் துறை ஒரு உத்தரவு போட்டது: ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே போலீசில் வழக்குப் பதிய வைக்க வேண்டும். இதை எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும், தாலுகா அளவிலும் நடைமுறையாக்க வேண்டும். புகார்தாரர் பெயர் ஆஸ்பத்திரியாக இருந்தால் யார் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசுவார்கள்?

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் நடுக்கத்தில் பிதற்றுகிறவர், தலைக்காயத்தோடு வருகிறவர், இவர்களும் அடிப்பார்கள், கடிப்பார்கள். அது நோய். அங்கே வேண்டியது போலீஸ் இல்லை, பிடித்துக்கொள்ளக் கூட இரண்டு கை. ராத்திரி டூட்டியில் அதுதான் கிடைப்பதில்லை.

சொந்தக்காரர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் வந்தது, திருவாரூருக்கு 2010, நாகப்பட்டினத்துக்கு 2022. மயிலாடுதுறை மாவட்டத்துக்கு இன்னும் இல்லை. உயிர் ஊசலாடும்போது "தஞ்சாவூருக்கு எழுதியாச்சு, கொண்டு போங்க" என்றால், அங்கிருந்து 70 கிலோமீட்டர். யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் வென்டிலேட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் கோட்டையில் இருக்கிறார். அந்தச் சீட்டை நீட்டுவது நர்ஸ் கை, அதனால் முறுக்கப்படுவதும் அந்தக் கைதான்.

காலையில் பையனுக்காகப் பேச வருகிற பெரியவர்களே, நீங்கள் பெரும்பாலும் முதல் நாள் ராத்திரியும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறீர்கள். உங்கள் பேச்சை அவன் கேட்பான், எங்கள் பேச்சைக் கேட்க மாட்டான். அப்போதே அவன் தோளில் கையைப் போட்டு வெளியே அழைத்துப் போங்கள்.