நாகர்கோவில் அனுப்பிய குரல்களும் கொறடா உத்தரவும்

மக்களவையின் மைல்கற்கள் என்றால் பொது அறிவுப் புத்தகங்களில் ஒரே பட்டியல்தான் இருக்கும். 1952 மே 13-இல் முதல் கூட்டம், முதல் சபாநாயகர் மாவ்லங்கர், நெருக்கடி நிலையில் ஐந்து வருஷத்தைத் தாண்டியும் நீட்டிக்கப்பட்ட ஐந்தாவது மக்களவை, 2001 டிசம்பர் 13 தாக்குதல், 2023-இல் புதுக் கட்டடம். எல்லாம் முக்கியம்தான். ஆனால் குமரி மாவட்டத்துக்காரனான எனக்கு அந்த அவையின் வரலாறு என்பது, நம்ம ஊரிலிருந்து போனவர்கள் அங்கே எழுந்து நின்று என்ன பேச முடிந்தது என்பதுதான்.

முதல் மக்களவையிலேயே தொடங்குகிறது இது. அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். நாகர்கோவில் தொகுதியில் வென்று டெல்லிக்குப் போனவர் மார்ஷல் நேசமணி. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற, நம் மண்ணில் பிறந்த கட்சியின் ஒரே எம்.பி. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, நம்மவர்கள் செத்து விழுந்தார்கள். மறு வருஷம், மாநில எல்லைகளைச் சீரமைக்கப் போட்ட பசல் அலி ஆணையத்தின் அறிக்கை வந்தது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை நமக்கு இல்லை என்றாகிவிட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தெருவில் நடந்த போராட்டத்துக்கு அந்த அவையில் ஒரு வாய் இருந்தது. மாநிலச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறி 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் பிறந்தது. ஒவ்வொரு நவம்பர் 1-க்கும் நேசமணி சிலைக்கு மாலை போடுகிறோம். அவர் ஒற்றை ஆளாக அங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்?

1967-இல் காமராஜரை விருதுநகர் தோற்கடித்தது. நேசமணி மறைந்த பிறகு 1969-இல் வந்த இடைத்தேர்தலில் காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது நாகர்கோவில். 1971-இல் மறுபடியும் அனுப்பியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற விஷயம் இது.

1977-இல் போனவர் அகஸ்தீஸ்வரத்துக் குமரி அனந்தன். அரசியல் சட்டத்தின் 120-வது பிரிவுப்படி நாடாளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். அந்த இரண்டிலும் சரியாகப் பேச வராதவருக்கு மட்டும் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதி தரலாம். குமரி அனந்தன் அதை ஒரு சலுகையாக வாங்க நினைக்கவில்லை. தமிழில் கேள்வி கேட்பது உரிமை என்று போராடினார், கேட்டும் காட்டினார். புதுக் கட்டடத்தை விட எனக்கு இது பெரிய மைல்கல்.

(பெண்கள் கணக்கையும் சொல்லியாக வேண்டும். 1952 முதல் நம் தொகுதி அனுப்பிய ஒரே பெண் 2009-இல் வென்ற ஹெலன் டேவிட்சன். மீரா குமார் முதல் பெண் சபாநாயகரானதும் அதே வருஷம்தான்.)

இனி, நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய மைல்கல். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். அதற்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். ஓட்டுப் போட்டவனை விற்றுப் பிழைப்பதைத் தடுக்க ஒரு பூட்டு தேவைப்பட்டது. ஆனால் பூட்டு விழுந்தது விலை போகிறவன் மேல் மட்டுமில்லை. கொறடா உத்தரவு, அதாவது இந்தப் பக்கம்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளை, போட்டுவிட்டால், எந்த மசோதாவானாலும், மாற்றி ஓட்டுப் போட்டாலும் ஓட்டுப் போடாமல் இருந்தாலும் பதவி போகும். நாளைக்கே தூத்தூர், வள்ளவிளை கடற்கரையையோ நம் ரப்பர் விவசாயியையோ பாதிக்கிற ஒரு மசோதா வருகிறது என்று வையுங்கள். நம் எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும், தலைமை சொன்ன பக்கம்தான் ஓட்டுப் போட முடியும்.

அதனால்தான் எல்லாரும் பூஜ்ய நேரத்தில், அதாவது அவசரப் பிரச்சினைகளைச் சுருக்கமாக எழுப்பும் நேரத்தில், பேசுகிறார்கள். அந்த வீடியோக்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வருகின்றன. உறுப்பினர் தாளைப் பார்த்து வேகவேகமாகப் படிப்பார். மீனவர், ரப்பர், ரயில் என்று மூன்று கோரிக்கைக்குள் நேரம் முடியும். நாலாவது வரியில் மைக் அடங்கிவிடும். உதடு மட்டும் அசையும். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அமைச்சராக இல்லாத உறுப்பினர் தானே கொண்டு வரும் தனிநபர் மசோதா கொண்டு வரலாமே என்றால், சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சட்டமானவை மொத்தம் 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல்.

ஒரே ஒரு ஓட்டுக்கு எவ்வளவு பலம் என்று இதே அவை காட்டியிருக்கிறது. 1999 ஏப்ரல் 17-இல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. ஆட்சி நிற்குமா விழுமா என்ற ஓட்டெடுப்பில் கட்சிக் கட்டுப்பாடு இருக்கட்டும். மற்ற சட்டங்களில் உறுப்பினர் தன் தொகுதியைப் பார்த்து ஓட்டுப் போட விட வேண்டும். நான் புதுசாகச் சொல்லவில்லை. தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே, கொறடாவை மீறியதற்காகப் பதவி பறிப்பது நம்பிக்கை வாக்கெடுப்புகளோடு நிற்கட்டும் என்றது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த மக்களவைத் தேர்தலில் தக்கலையிலோ குளச்சலிலோ ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் ரோடும் பாலமும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "கட்சித் தாவல் சட்டத்தைத் திருத்த அவையில் பேசுவீங்களா?" பதிலை வீடியோ எடுத்துப் போடுங்கள். நானும் போடுகிறேன்.