அசையுங்கண்ணே!

(கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டி. இருபத்திரண்டு வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்திய முருகேசன், நாற்பத்தாறு வயதில் ஒளிப்பதிவாளர் ஆவதென்று முடிவு கட்டிவிட்டார். முதல் வேலை, மண்டிக்காரர் கோவிந்தனுக்கு ஒரு நிமிட விளம்பரம். கூலி ஒரு கூடை செந்தூரா மாம்பழம். அதுவும் பேரம் பேசித்தான்.)

முருகேசன்: ஆரம்பிக்கலாமா அண்ணே?

(கோவிந்தன் மூச்சைப் பிடித்து விறைத்து நிற்கிறார்.)

முருகேசன்: அண்ணே?

கோவிந்தன்: (உதடு அசையாமல்) ம்ம்.

முருகேசன்: மூச்சு விடுங்கண்ணே! இது போட்டோ இல்லை, வீடியோ.

கோவிந்தன்: நீதானேப்பா பழக்கினே! என் மகள் காதுகுத்தில், ஆசாரி குத்தும்போதே "அசையாதே பாப்பா, மாமாவைப் பார்த்துச் சிரி" என்றவன் நீ. ஊரையே சிலையாக்கிவிட்டு இப்போது அசையச் சொன்னால் எப்படி?

முருகேசன்: போட்டோவுக்கு நொடியில் 500-ல் ஒரு பங்கு அசையாமல் இருந்தால் போதும்ணே.

கோவிந்தன்: அவ்வளவுதானா? அதுக்கா என்னை அரை மணி நேரம் நிற்க வைத்தே?

முருகேசன்: சினிமா வேறண்ணே. நொடிக்கு 24 படம். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் 50-ல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கணும். கையை வீசினால் லேசாகக் கலங்கணும், அப்போதுதான் அசைவு இயல்பாகத் தெரியும்.

கோவிந்தன்: கலங்கணுமா? ஆல்பத்தில் என் மச்சான் முகம் கலங்கியதற்கு அவனோடு சண்டைக்குப் போனியே!

முருகேசன்: (பேச்சை மாற்றி) வெளியே வெயில் அதிகம், உள்ளே வாங்க. அடடா, திரையில் கோடு கோடாக ஓடுதே. ஷட்டரை 60-ல் ஒரு பங்கு நொடியில் வைத்துவிட்டேன். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இந்தப் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும்ணே. அதோடு 50 ஒத்துப்போகும், 60 ஒத்துப்போகாது.

கோவிந்தன்: நூறு தடவை மங்குதா? அப்போ பில்லில் பாதியைக் குறைக்கச் சொல்லணும்.

முருகேசன்: இதையெல்லாம் கற்றுக்கொண்டால் போதும்ணே. கே.வி. ஆனந்த் பத்திரிகைக்குப் போட்டோ எடுத்தவர்தான். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராக இருந்தார், ஒளிப்பதிவு செய்த முதல் படத்துக்கே தேசிய விருது!

கோவிந்தன்: அப்போது அவருக்கு என்ன வயசு?

முருகேசன்: முப்பது ஆகலை... வெளிச்சம் போகுதுண்ணே, அந்தப் பக்கம் நகருங்க.

கோவிந்தன்: சரி, சினிமாவில் போகஸ் பார்க்கத் தனி ஆள் உண்டாமே. உனக்கு?

முருகேசன்: வெள்ளெழுத்துக் கண்ணாடி உண்டு. (தேடுகிறார். அது நெற்றியில் இருக்கிறது.)

(வாசலில் லாரி வந்து நிற்கிறது. கோவிந்தன் கேமராவையே மறந்துவிடுகிறார்.)

கோவிந்தன்: டேய், பெங்களூராவை அந்தப் பக்கம் இறக்கு! அது கூழ் பேக்டரிக்குப் போறது. செந்தூராவோடு கலந்தே, தொலைச்சுடுவேன்! (ஒரு பழத்தை எடுத்து, காம்பு பக்கம் முகர்ந்து, துண்டால் துடைத்து, தட்டிப் பார்த்து, தனியாக வைக்கிறார்.)

முருகேசன்: அற்புதம்ணே! இதுதான் வேணும்! முடிஞ்சது!

கோவிந்தன்: காட்டு பார்க்கலாம். (பார்க்கிறார். கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிறார்.) ஏம்ப்பா, நான் ஏன் படுத்துக்கிடக்கிறேன்?

முருகேசன்: ஆள் நின்றாலே கை தானாகக் கேமராவை நெட்டுவசத்தில் திருப்பிடுதுண்ணே. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

கோவிந்தன்: விடு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குச் சரியாக இருக்கும். (உள்ளே பார்த்து) டேய், அந்தக் கூடையில் பாதியை எடுத்துடு!